பேஸ்போர்டு ஹீட்டருக்குப் புதிய தெர்மோஸ்டாட்: ஒரு குளிர்காலம் முழுவதும் பயன்படுத்திய பின்

எங்கள் வீட்டுக்கு வெப்பம் தருபவை சுவரடியில் நீண்டு கிடக்கும் மின்சார பேஸ்போர்டு ஹீட்டர்கள்தாம். நடுவில் ஓர் உலையோ, அறைக்கு அறை சூடான காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்களோ கிடையாது. ஒவ்வோர் அறையும் தன் ஹீட்டரையும் அதை இயக்கும் தன் தெர்மோஸ்டாட்டையும் வைத்துக்கொண்டு தனிக்குடித்தனம் நடத்துகிறது. வீடு கட்டிய நாளிலிருந்து சுவரில் இருந்த குமிழ் வகைத் தெர்மோஸ்டாட்டுகள் ஐந்தில் நான்கைக் கடந்த இலையுதிர்காலத்தில் மாற்றினேன். வரவேற்பறைக்கு வைஃபை வசதி உள்ள ஒன்று, இரண்டு படுக்கையறைகளுக்கும் சிறிய படிப்பறைக்கும் நேர அட்டவணை வைக்கக்கூடிய எளிய மின்னணு வகை. குளியலறையில் இருந்ததைத் தொடவில்லை. மாற்றிய நான்கில் மூன்று நன்றாக இருக்கின்றன. ஒன்று தோற்றுப்போய்ப் பெட்டிக்குத் திரும்பியது. தயாரித்த நிறுவனங்களின் பெயரைச் சொல்லாமல் வகைகளாகவே எழுதுகிறேன். ஏனென்றால் நான் கண்ட நிறையும் குறையும் பெரும்பாலும் அந்தந்த வகையின் இயல்பே தவிர ஒரு முத்திரைக்கு மட்டும் உரியவை அல்ல.

பழையதில் என்ன குறை என்று முதலில் சொல்லிவிட வேண்டும். குமிழ் வகைத் தெர்மோஸ்டாட்டின் உள்ளே இருப்பது வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை. அறை சூடானால் பட்டை வளைந்து தொடர்பைத் துண்டிக்கும், குளிர்ந்தால் நிமிர்ந்து மீண்டும் சேர்க்கும். இஸ்திரிப் பெட்டியில் அவ்வப்போது கேட்கும் 'டிக்' ஒலி இதே வேலைதான். பதினெட்டாம் நூற்றாண்டில் கடற்பயணக் கடிகாரத்தின் நேரம் வெப்பத்தால் பிசகாமல் இருப்பதற்காக ஜான் ஹாரிசன் கண்டுபிடித்த இந்த ஏற்பாடு இன்றும் சுவர்களில் உழைத்துக்கொண்டிருப்பது வியப்புக்குரியது. ஆனால் பேஸ்போர்டு ஹீட்டரைப் பொறுத்தவரை இதற்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. தொடர்பு சேரும் வெப்பநிலைக்கும் பிரியும் வெப்பநிலைக்கும் நடுவே இடைவெளி அதிகம்; எங்கள் பெரிய படுக்கையறையில் தனியாக ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது அறை ஏறத்தாழ 3 டிகிரி செல்சியஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது பலவீனம் பலருக்குத் தெரியாதது. ஹீட்டருக்குச் செல்லும் மின்னோட்டம் முழுவதும் தெர்மோஸ்டாட்டின் வழியாகவே செல்வதால், அந்த மின்னோட்டமே பட்டையைக் கொஞ்சம் சூடாக்கிவிடுகிறது. அறை இன்னும் குளிராக இருக்கும்போதே தெர்மோஸ்டாட் தன் சூட்டைப் பார்த்து, போதும் என்று முடிவு செய்துவிடுகிறது. வெளியே குளிர் கடுமையாகி ஹீட்டர் அதிக நேரம் ஓட ஓட, இந்தப் பிழையும் கூடுகிறது. அதனால்தான் நவம்பரில் சரியாக இருந்த குமிழ் ஜனவரியில் போதாமல் போய், நாள்தோறும் அதைத் திருப்பிக்கொண்டே இருக்க நேர்கிறது.

கடையில் போய் நின்றால் கண்ணைக் கவர்வது திரையின் அழகுதான். நானும் முதலில் அப்படித்தான் ஒன்றைக் கையில் எடுத்தேன். வட்டமாக, கண்ணாடி முகத்தோடு, பார்ப்பதற்கு நகை போல இருந்தது. நல்லவேளையாகப் பெட்டியின் பின்புறத்தைப் படித்தேன்: 24 வோல்ட். நெஸ்ட், எக்கோபீ போன்று பெயர் பெற்ற தெர்மோஸ்டாட்டுகள் மைய உலைகளுக்கும் ஹீட் பம்ப் எனப்படும் வெப்ப ஏற்றிகளுக்கும் ஆனவை. அவை 24 வோல்ட்டில் ஒரு சைகையை மட்டும் அனுப்புகின்றன, கனமான மின்னோட்டத்தைத் தாங்குவதில்லை. பேஸ்போர்டு ஹீட்டரின் தெர்மோஸ்டாட்டோ லைன் வோல்டேஜ் எனப்படும் முழு அழுத்தத்தைச் சுமப்பது. வட அமெரிக்க வீடுகளில் அது பெரும்பாலும் 240 வோல்ட், சில வேளைகளில் 120. 24 வோல்ட் கருவியை அந்தக் கம்பியில் நேரடியாகக் கோத்தால் கருவி கருகுவதோடு நிற்காமல் தீவிபத்துக்கும் இடமுண்டு. இடையில் மின்மாற்றியும், சைகை வந்ததும் கனமான மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ரிலேயும் சேர்ந்த ஒரு பெட்டியை வைத்து இணைக்கலாம் என்பது உண்மை. ஆனால் அறைக்கு ஒன்றாக அந்தப் பெட்டியை வாங்கி, அதற்கு இடம் தேடி, அதன் 'டக் டக்' ஒலியையும் சகித்துக்கொள்வதைவிட, பேஸ்போர்டுக்கென்றே செய்யப்பட்டதை வாங்குவது சிறந்தது. மைசா, சினோப்பே, ஸ்டெல்ப்ரோ ஆகிய கனடிய நிறுவனங்கள் இந்த வகையைச் செய்கின்றன என்பதால் தேடலை அங்கிருந்து தொடங்கலாம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது திரையை அல்ல, சுவருக்குள் இருக்கும் கம்பிகளை. எனக்கு இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் ஒரு முறை கடைக்குப் போய்வருவது மிச்சமாகியிருக்கும். அந்தச் சுற்றின் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரை அணைத்துவிட்டு, பழைய தெர்மோஸ்டாட்டின் மூடியைக் கழற்றி, திருகுகளை அவிழ்த்து முன்னே இழுத்தால் இரண்டில் ஒரு காட்சி தெரியும். எர்த் எனப்படும் தரைக்கம்பியைக் கணக்கில் சேர்க்காமல் இரண்டு கம்பிகள் மட்டும் தெர்மோஸ்டாட்டில் இணைந்திருந்தால் அது 'சிங்கிள் போல்' (single pole) வகை. நான்கு இருந்தால் அது பெரும்பாலும் 'டபுள் போல்' (double pole) வகை. 240 வோல்ட் சுற்றில் மின்னழுத்தம் உள்ள கம்பிகள் இரண்டு. சிங்கிள் போல் தெர்மோஸ்டாட் அவற்றுள் ஒன்றை மட்டுமே துண்டிக்கிறது. மற்றொன்று எப்போதும் உயிரோடு ஹீட்டர் வரை போய் நிற்கிறது. ஆகவே குமிழைக் கடைசி வரை குறைத்து வைத்தாலும் ஹீட்டர் அணைந்துவிட்டதாகப் பொருளில்லை. அறை மிகவும் குளிர்ந்தால் அது தானாகவே இயங்கத் தொடங்கும். ஹீட்டரின் உள்ளே கை வைப்பவருக்கு மின்னதிர்ச்சியும் தரும். டபுள் போல் இரண்டையும் துண்டிப்பதால் அதில் 'ஆஃப்' என்று குறிக்கப்பட்ட இடம் உண்மையாகவே ஹீட்டரை அணைக்கும். அப்போதும் தெர்மோஸ்டாட்டுக்கு வரும் கம்பியில் மின்சாரம் இருக்கும் என்பதால், பழுது பார்க்கும்போது நம்ப வேண்டியது பிரேக்கரை மட்டுமே.

இந்தக் கணக்கே புதிய கருவியையும் தீர்மானிக்கிறது. வைஃபை உள்ள தெர்மோஸ்டாட்டுக்குத் தன் திரையையும் வைஃபை அலைபரப்பியையும் இயக்கத் தொடர்ந்து மின்சாரம் வேண்டும். அதற்கு இரண்டு உயிர்க்கம்பிகளும் அதன் பெட்டிக்குள் இருந்தாக வேண்டும். இரண்டு கம்பி மட்டும் உள்ள சுவரில் அப்படிப்பட்ட பல மாதிரிகள் இயங்கவே இயங்கா. இரண்டு கம்பியில் ஓடும் மின்னணு வகை வேறு தந்திரம் செய்கிறது: ஹீட்டர் நின்றிருக்கும்போது அதன் வழியாகவே மிகச் சிறிய மின்னோட்டத்தைக் கசியவிட்டுத் தன்னை இயக்கிக்கொள்கிறது, ஹீட்டர் ஓடும்போது கண்ணுக்கும் காதுக்கும் தெரியாத அளவுக்கு அவ்வப்போது துண்டித்து அந்த இடைவேளையில் தனக்கு வேண்டியதைத் திருடிக்கொள்கிறது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. படிப்பறையைப் பற்றிச் சொல்லும்போது அது புரியும். எங்கள் வரவேற்பறையில் மட்டும் நான்கு கம்பிகள் இருந்தன, மற்ற அறைகளில் இரண்டிரண்டு. வீடு முழுவதும் வைஃபை என்று நான் கட்டிய கோட்டை அந்த மாலையே சரிந்தது.

அடுத்தது வாட் கணக்கு. ஒரே தெர்மோஸ்டாட்டில் எத்தனை ஹீட்டர் இணைந்திருக்கிறதோ அத்தனையின் வாட்டையும் கூட்டி, அந்தத் தொகை கருவியின் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் வரவேற்பறையில் 1500 வாட்டும் 1000 வாட்டுமாக இரண்டு ஹீட்டர்கள். 2500ஐ 240ஆல் வகுத்தால் 10.4 ஆம்பியர். பிரேக்கர் 15 ஆம்பியர் என்றால், வெப்பமூட்டும் சுமைக்கு அதன் 80 விழுக்காடான 12 ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான விதி. அதாவது 2880 வாட். 20 ஆம்பியர் பிரேக்கருக்கு அது 3840 வாட் ஆகிறது. ஹீட்டரின் பக்கத்து மூடியில் உள்ள வில்லை அழிந்துபோயிருந்தால் மல்டிமீட்டரால் கண்டுபிடிக்கலாம்: பிரேக்கரை அணைத்து, ஹீட்டருக்குச் செல்லும் இரு கம்பிகளையும் பிரித்து, அவற்றின் நடுவே மின்தடையை அளந்து, 57,600ஐ (240ஐ 240ஆல் பெருக்கிய தொகை) அந்த எண்ணால் வகுத்தால் 240 வோல்ட்டில் அது இழுக்கும் வாட் கிடைக்கும். 38 ஓம் சுற்றி வந்தால் 1500 வாட், 115 ஓம் வந்தால் 500 வாட். எங்கள் படிப்பறையின் ஹீட்டரை அப்படித்தான் இனம் கண்டேன். அடுக்குமாடிகளில் சிலவற்றில் 240க்குப் பதிலாக 208 வோல்ட் வருவதுண்டு. அங்கே 240 வோல்ட்டுக்கான ஹீட்டர் முக்கால் பங்கு வெப்பமே தரும் என்பதால், அறை சூடாகவில்லையே என்று தெர்மோஸ்டாட்டைக் குறை கூறுவதில் பயனில்லை.

பொருத்தும் வேலையில் முதல் அறையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர் செய்ய, அருகில் நின்று பார்த்தேன். பிறகு படுக்கையறைகளை நானே செய்தேன். 240 வோல்ட் கம்பியில் சொந்த வீட்டில் குடியிருப்பவரே கை வைக்கலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும் விதி. வாடகை வீடு என்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. அவர் செய்த ஒன்றை மட்டும் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பிரேக்கரை அணைத்த பின்னும் அவர் அதை நம்பவில்லை. முதலில் உயிருள்ள ஒரு பிளக்கில் மீட்டரை வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்தார். பிறகு தெர்மோஸ்டாட்டின் ஒவ்வொரு கம்பிக்கும் தரைக்கம்பிக்கும் நடுவே அளந்தார். மறுபடியும் அந்தப் பிளக்குக்குப் போய் மீட்டர் இடையில் இறந்துவிடவில்லை என்று உறுதி செய்துகொண்டார். 240 வோல்ட் சுற்றில் வெள்ளைக் கம்பியும் உயிர்க்கம்பிதான், வெள்ளை என்றால் நடுநிலைக் கம்பி என்று எண்ணிவிடாதீர்கள் என்று சொல்லி, அதன் முனையில் கறுப்பு நாடாவையும் சுற்றிவிட்டார். நான்கு கம்பி உள்ள பெட்டியில் எந்த இணை பிரேக்கரிலிருந்து வருகிறது, எந்த இணை ஹீட்டருக்குப் போகிறது என்று அறிய, எல்லாவற்றையும் தனித்தனியே விலக்கி வைத்து, பிரேக்கரை ஒரு கணம் போட்டு, எந்த இணையில் 240 காட்டுகிறதோ அதைக் குறித்துக்கொண்டு மீண்டும் அணைத்தார். வைஃபை வகையில் இந்த இரண்டையும் மாற்றிப் பொருத்தினால் திரை வராது. சில மாதிரிகள் கெட்டும் போகலாம். பழைய வீடுகளில் கம்பி அலுமினியமாக இருந்தால், செம்புக் கம்பியோடு, கம்பி முனைகளைச் சேர்த்துத் திருகும் சாதாரண முறுக்கு மூடியால் சேர்க்கக் கூடாது; அதற்கென உள்ள இணைப்பானும் பசையும் வேண்டும். அங்கே தயக்கமின்றி எலக்ட்ரீஷியனை அழைத்துவிடுவதே நல்லது.

இடநெருக்கடியும் ஒரு பிரச்சினை. பழைய குமிழ் வகைக்குப் பின்புறம் தட்டையானது. வைஃபை வகைக்கோ முதுகில் ஒரு கூன் உண்டு. நான்கு கம்பிகளும் அவற்றின் முறுக்கு மூடிகளும் நிறைந்த ஆழமில்லாத சுவர்ப்பெட்டிக்குள் அதைத் திணிப்பது, நிரம்பிய பயணப் பையின் ஜிப்பை மூடுவது போன்ற வேலை. அழுத்தித் திணித்தால் மூடி கழன்று கம்பி வெளியே வரும் அபாயம் இருப்பதால், ஒவ்வொன்றையும் அகற்றி, நீளம் குறைத்து, மடித்து, அரை மணி நேரம் செலவிட்டோம். இதைப் பெட்டியில் உள்ள தாள் ஓரிடத்திலும் எச்சரிக்கவில்லை. கருவியின் மேல் எனக்குள்ள முதல் குறை இதுதான்.

இனிப் பயன்பாட்டுக்கு வருகிறேன். படுக்கையறைகளில் போட்ட இரண்டு கம்பி மின்னணுத் தெர்மோஸ்டாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டிய முதற்செய்தி அதன் மௌனம். உள்ளே சேர்ந்து பிரியும் உலோகத் தொடர்பு இல்லை. டிரையாக் என்னும் குறைகடத்திக் கருவி மின்னோட்டத்தைத் திறந்து மூடுகிறது. தேய்வதற்கு எதுவும் இல்லாததால் அது 15 வினாடிக்கு ஒரு முறைகூட இந்த வேலையைச் செய்ய முடிகிறது: அறைக்குப் பாதி வெப்பம் போதும் என்றால் ஏழரை வினாடி ஓட்டி ஏழரை வினாடி நிறுத்தும். ஹீட்டர் முழுச் சூட்டில் எரிந்து முழுதாக ஆறும் பழைய சுழற்சி போய், எப்போதும் மிதமாக வெதுவெதுப்பாக இருக்கிறது. இதில் எதிர்பாராத பயன் ஒன்று கிடைத்தது. நள்ளிரவில் ஹீட்டரின் உலோக இதழ்கள் விரிந்தும் சுருங்கியும் எழுப்பிய சடசடப்பு ஏறக்குறைய நின்றுபோய்விட்டது. அதே வெப்பமானியை வைத்துப் பார்த்தேன்; 3 டிகிரி ஊசல் அரை டிகிரிக்குள் அடங்கிவிட்டது. வீட்டில் இதைப் பற்றி எதுவும் அறியாதவர்கள்கூட, படுக்கையறை இப்போது வேறு மாதிரி இருக்கிறதே என்றார்கள்.

டிரையாக் தன் வழியே போகும் மின்சாரத்தில் சிறு பகுதியை வெப்பமாக்கிவிடும். 1500 வாட் ஹீட்டருக்கு அது சுமார் ஏழெட்டு வாட். ஆகவே தெர்மோஸ்டாட்டின் உடல் கைக்கு வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. உள்ளே இருக்கும் மென்பொருள் அந்தச் சூட்டைக் கழித்துக் கணக்கிடுகிறது. எனக்கு வந்த தொல்லை நேர்மாறானது. சின்னப் படுக்கையறையில் திரை காட்டிய வெப்பநிலை உண்மையைவிட ஒன்றரை டிகிரி குறைவாகவே இருந்தது. அறை வெந்துகொண்டிருக்க, கருவி இன்னும் குளிர் என்றது. கருவியில் பழுது என்று எண்ணித் திருப்பி அனுப்பும் நிலைக்கு வந்த பிறகுதான் காரணம் தெரிந்தது. வெளிச்சுவரோடு தொடர்புள்ள சுவருக்குள்ளிருந்து, கம்பி வரும் துளை வழியே குளிர்ந்த காற்று கருவியின் முதுகில் வீசிக்கொண்டிருந்தது. கம்பியைச் சுற்றியிருந்த துளையை அதற்கான தீத்தடுப்பு அடைப்பானால் அடைத்த மறுநாளே எண்கள் ஒத்துவந்தன. தெர்மோஸ்டாட்டைத் தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில், உட்சுவரில், வெயில் படாத இடத்தில், கதவுக்குப் பின்னால் இல்லாமல் வைக்க வேண்டும் என்று எல்லாத் தாள்களும் சொல்கின்றன. முதுகுப்புறக் காற்றைப் பற்றி எங்கோ சிறு எழுத்தில்தான் சொல்கின்றன.

பெரிய படுக்கையறையில் இன்னொரு நாடகம் நடந்தது. டிசம்பரில் ஒரு காலை திரை வெறுமையாக இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துத் தானே உயிர்பெற்றது. மாலையில் மீண்டும் வெறுமை. இரண்டு கம்பி வகை ஹீட்டரின் வழியாகவே தன் உணவைப் பெறுகிறது என்று முன்னே சொன்னேன் அல்லவா? ஹீட்டருக்குள் நீளவாக்கில் ஓர் அதிசூட்டுப் பாதுகாப்பு உண்டு. ஏதாவது ஓரிடத்தில் சூடு மிகுந்தால் அது சுற்றைத் துண்டித்துவிட்டு, ஆறியதும் மீண்டும் சேர்க்கும். அது துண்டித்தால் தெர்மோஸ்டாட்டுக்கும் மின்சாரம் நின்றுவிடும். கட்டிலை நகர்த்திப் பார்த்தேன். போர்வையின் ஓரம் வழுக்கி ஹீட்டரின் மேல் கிடந்தது. ஆக, திரை இருண்டது பழுது அல்ல, தீவிபத்து வருவதற்கு முன் கிடைத்த எச்சரிக்கை. குமிழ் வகை இருந்திருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. இதை இந்த வகைக்குச் சாதகமாகவே எழுதிக்கொள்கிறேன்; இருந்தாலும், திரை இருண்டால் முதலில் ஹீட்டரைப் பாருங்கள் என்று ஒரு வரி அந்தத் தாளில் போட்டிருந்தால் தயாரிப்பாளருக்கும் எத்தனையோ புகார் அழைப்புகள் மிச்சமாகும்.

தோற்றது படிப்பறைக் கருவி. அங்கே உள்ளது 500 வாட் ஹீட்டர். 240 வோல்ட்டில் 2.08 ஆம்பியர். நான் வாங்கிய மாதிரியோ, குறைந்தது 2 ஆம்பியர் சுமை வேண்டும் என்கிறது. எல்லைக்கோட்டின் மேல் நிற்கிறோம், பரவாயில்லை என்று பொருத்தினேன். ஆனால் அது சரிப்படவில்லை. தெருவில் எல்லோரும் ஹீட்டர் போடும் மாலை வேளையில் மின்னழுத்தம் சற்றே தணிந்தாலும் மின்னோட்டம் 2க்குக் கீழே இறங்கிவிடுகிறது. அப்போது கருவிக்குத் திருடிக்கொள்ளப் போதிய உணவில்லை. திரை மங்கும், கடிகாரம் பன்னிரண்டு மணிக்குத் திரும்பும், ஹீட்டர் ஓடவா வேண்டாமா என்று தடுமாறும். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அதைக் கழற்றி, கடையில் கிடைத்த புதிய குமிழ் வகை ஒன்றையே அங்கே மாட்டினேன். சிறிய ஹீட்டர் உள்ளவர்கள், பெட்டியில் பெரிய எழுத்தில் உள்ள அதிகபட்ச வாட்டைவிட, சிறிய எழுத்தில் உள்ள குறைந்தபட்ச ஆம்பியரைத் தேடிப் படிப்பது நல்லது. கருவியைக் குறை சொல்ல முடியாது. அது சொன்னதை நான்தான் கேட்கவில்லை.

வரவேற்பறையின் வைஃபை தெர்மோஸ்டாட்டைப் பற்றி என் மனம் இன்னும் இரண்டு பக்கமும் சாய்கிறது. ஊருக்குப் போயிருக்கும்போது வீடு எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று கைப்பேசியில் பார்க்க முடிவது பெரிய நிம்மதி. குழாய்கள் உறையும் காலத்தில் அது ஆடம்பரமும் அல்ல. ஒரு நாளில் ஹீட்டர் எத்தனை கிலோவாட் மணி எடுத்தது என்ற கணக்கும் ஓரளவு நம்பத்தகுந்தது. ஏனெனில் ஹீட்டரின் வாட் நிலையானது, ஓடிய நேரத்தைப் பெருக்கினால் போதும். ஆனால் அந்த வாட்டை நாம்தான் முதலில் சரியாகப் பதிய வேண்டும்; நான் இரண்டாவது ஹீட்டரைச் சேர்க்க மறந்ததால் முதல் மாதக் கணக்கு முழுதும் பொய். குளிர்காலத்தின் நடுவே ஒரு நாள் நிறுவனத்தின் சேவையகம் சில மணி நேரம் படுத்துவிட்டது. கைப்பேசிச் செயலி திறக்கவே இல்லை. சுவரில் உள்ள பொத்தான்கள் வேலை செய்தன, பதிந்து வைத்த நேர அட்டவணையும் ஓடியது. இந்த வகையை வாங்குபவர்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுதான்: இணையம் இல்லாதபோது அட்டவணை கருவிக்குள்ளேயே ஓடுமா, அல்லது வெளியிலிருந்து ஆணை வர வேண்டுமா? என்னுடையது முதல் வகை என்பதால்தான் அது இன்னும் சுவரில் இருக்கிறது. ஆள் வீட்டில் இல்லை என்று கைப்பேசியின் இருப்பிடத்தைக் கொண்டு வெப்பத்தைக் குறைக்கும் வசதியை மட்டும் அணைத்து வைத்திருக்கிறேன். ஒருவர் கடைக்குப் போனதும் வீட்டில் இருந்தவர்கள் குளிரில் உட்கார்ந்திருந்த ஒரு பிற்பகல் அதற்குப் போதுமான காரணம்.

கட்டணம் குறைந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மின்தடை ஹீட்டர் தான் எடுக்கும் மின்சாரம் அனைத்தையும் வெப்பமாக்கிவிடுகிறது. எந்தத் தெர்மோஸ்டாட்டாலும் அதை மேலும் திறமையானதாக்க முடியாது. 1000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு கிலோவாட் மணி, அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. மிச்சமாவது நாம் குறைத்து வைக்கும் டிகிரிகளில்தான். நாள்தோறும் எட்டு மணி நேரம் 7 முதல் 10 டிகிரி ஃபாரன்ஹீட் வரை குறைத்து வைத்தால், வெப்பமூட்டும் செலவில் ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை மிச்சமாகலாம் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணிப்பு. செல்சியஸில் அது 4 முதல் 5.5 டிகிரி. அவ்வளவு குறைப்பு எங்கள் வீட்டாருக்கு ஒத்துவரவில்லை. இரவில் 3 டிகிரி குறைக்கிறோம். குமிழ் வகையிலும் கையால் இதைச் செய்திருக்கலாம், ஆனால் எத்தனை இரவு எழுந்து போய்த் திருப்பியிருப்போம்? கருவி செய்வது அந்த மறதியை ஈடுகட்டுவதை மட்டுமே. எங்கள் கணக்கில் தெரிந்த குறைவு, குளிர்காலத்துக்குக் குளிர்காலம் வானிலை மாறுவதால் வரும் வேறுபாட்டைவிடப் பெரியதாக இல்லை என்பதால், அதற்கு ஓர் எண்ணைத் தர நான் துணியவில்லை. கட்டணத்தை மட்டும் எண்ணி வாங்குபவர் ஏமாறக்கூடும். சமமான வெப்பத்துக்காகவும் அமைதியான இரவுக்காகவும் வாங்குபவருக்கு இரண்டு கம்பி மின்னணு வகையைத் தயங்காமல் சொல்வேன். வைஃபை வகையை, நான்கு கம்பியும் இருந்து, அடிக்கடி வீட்டைப் பூட்டிவிட்டுச் செல்பவருக்கு மட்டும்.

சில்லறைக் குறைகள் சிலவும் உண்டு. இரண்டு கம்பி வகையில் நாள், மணி பதிவதற்கு ஒரே பொத்தானை அழுத்தியும் நீட்டி அழுத்தியும் செய்ய வேண்டியிருக்கிறது; தாள் கையில் இல்லாமல் யாராலும் முடியாது. கோடைக்கும் குளிர்காலத்துக்கும் மணி மாறும் நாளில் அது தானாக மாறுவதில்லை. திரையின் ஒளி மட்டும் அளவானது, இருட்டில் கண்ணைக் குத்தவில்லை.

குளியலறையை ஏன் தொடவில்லை என்று சொல்லவில்லை. அங்கே இருப்பது பேஸ்போர்டு அல்ல, விசிறி வைத்த சுவர் ஹீட்டர். 15 வினாடிச் சுழற்சி கொண்ட தெர்மோஸ்டாட்டை அதில் மாட்டினால் விசிறியின் மோட்டாரும் அந்தக் கணக்கில் நின்று ஓடி, விரைவில் கெட்டுவிடும். சில மாதிரிகளில் நீண்ட சுழற்சிக்கு மாற்றிக்கொள்ளும் அமைப்பு இருக்கிறது. நான் வாங்கியதில் அது இல்லை. அந்த அமைப்பு உள்ள ஒன்று கையில் கிடைக்கும்வரை பழைய குமிழ் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.